சத்தம் போடாத மூடிகள்

அந்த நாற்காலியை ஜன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், தம்பி. இந்த நேரத்துக்கு ஆற்றுப் பக்கத்து வெயில் நேராக முகத்தில் அடிக்கும். காவலரை டீ வாங்க அனுப்பினீர்களே, அதுவும் நல்லதுதான். நின்றுகொண்டே இருந்தார் பாவம். போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார், பூட்டட்டும். நான் எங்கே ஓடப் போகிறேன், இந்த வயதில்.

உங்கள் கைத்தடி சுவரில் வழுக்கிக்கொண்டே போகிறது பாருங்கள். இருங்கள், நீங்கள் குனிய வேண்டாம். நான் எடுத்து என் பக்கம் வைக்கிறேன். இங்கே தரை சமமாக இருக்கிறது, விழாது.

இடது முழங்கால்தானே? நீங்கள் உள்ளே நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. படியில் கால் வைக்கும் முன் ஒரு நொடி யோசிக்கிறீர்கள். மற்றவர்கள் கண்ணுக்கு அது படாது. எனக்குப் படும். என் கண் அப்படிப் பழகிவிட்டது.

எயெங்கா செத்துப்போனதைப் பற்றிக் கேட்கத்தானே என்னை வரச்சொன்னீர்கள். படகுத்துறைச் சரிவில் அவள் வண்டி பிரேக் பிடிக்காமல் ஓடி, படகுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்தது. துணிக்கட்டுகளோடு அவளும் போனாள். பிரேக் செய்து கொடுத்த மதோண்டோவைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். நான் பக்கத்தில் நின்றவள், அதனால் சாட்சி. சரிதானே? நான் எல்லாவற்றையும் சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டால் போதும்.

என் பெயர் முஜிங்கா. கின்ஷாசாவில் இந்தத் துறைக்கு வருகிறவர்களில் என் கையால் மாவு உருண்டை வாங்கித் தின்னாதவர்கள் குறைவு. சரிவுக்கு மேலே, சுங்க வரிசை தொடங்குகிற இடத்தில் என் எண்ணெய்ச் சட்டி. அதற்கு முன்னால் வீட்டில்தான் இருந்தேன், என் புருஷனைப் பார்த்துக்கொண்டு. அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தடி ஊன்றி முற்றம் வரைக்கும் நடப்பார். ஒருநாள் தடுமாறினார். அன்றைக்கே அந்தத் தடியை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். பிறகு அவர் ஒருநாளும் விழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கொஞ்ச நாள் அலமாரியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார், அப்புறம் அதையும் விட்டுவிட்டார். அவரைப் போல நன்றாகக் கவனிக்கப்பட்ட மனிதர் எங்கள் தெருவிலேயே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் போன பிறகு என் இரண்டு கைகளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அதற்காகத்தான் சட்டி வாங்கினேன். ஆனால் மாவு உருட்டுவது கைக்கு வேலையே இல்லை, தம்பி.

துறையில் மூன்று சக்கர வண்டிக்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கால் வராதவர்கள். கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. மடியிலும் பின்னாலும் துணி, பால்மாவு, பிளாஸ்டிக் பாத்திரம் என்று கட்டிக்கொண்டு, படகேறி எதிர்க்கரை நாட்டில், பிராசவிலில் விற்றுவிட்டு வருவார்கள். எயெங்கா அவர்களில் ஒருத்தி. சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. தோள் இரண்டும் ஆண்பிள்ளைத் தோள் மாதிரி இருக்கும். அவள் சிரித்தால் சரிவின் அடியில் நிற்கிற படகுக்காரனுக்குக் கேட்கும்.

முதல் தடவை அவளேதான் என்னைக் கூப்பிட்டாள். மழை. சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்து, "அக்கா, ஒரு கை குடுங்களேன்" என்றாள். நான் சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவள் பாரமும் துணியின் பாரமும் என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு என் கைக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. மேலே ஏறியதும், "நல்லாருப்பீங்க அக்கா" என்றாள். அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மழை இல்லை. ஆனாலும் அவள் வண்டி வந்ததும் பின்னால் போய்ப் பிடித்தேன்.

"யாரது? பின்னாடி யாரு கை வைக்கிறது?"

"நான்தான்டி, முஜிங்கா."

"அக்கா, நான் கூப்பிடலயே. இது வண்டி இல்ல, என் காலு. உங்க கால ஒருத்தர் பின்னாடி வந்து புடிச்சு நகத்துனா சும்மா நிப்பீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மதோண்டோவும் அங்கே இருந்தான். ஊன்றுகோல் வைத்து நடக்கிறவன், முன்பு வண்டி வியாபாரம், இப்போது வெல்டிங் பட்டறை. "அக்காவுக்கு மாவு பொரிச்சது போதலையாம்டி. நம்மளையும் பொரிச்சு எடுக்கப் பாக்குது" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு அவர்கள் எனக்குத் துறையின் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். முன்பெல்லாம் சுமைகூலிகளும் சீருடைக்காரர்களும் உதவுகிற சாக்கில் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு மூலையில் நிறுத்திச் சரக்கை உருவிக்கொள்வார்களாம். கைப்பிடி யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் போகச் சொல்கிற இடத்துக்குத்தானே போக முடியும். அதனால் ஒரு நாள் எல்லா வண்டிக்காரர்களும் சரிவை மறித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். வண்டியைத் தொட நினைக்கிறவர் முன்பக்கம் வர வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். வண்டிக்காரர் தன் வண்டியின் இரும்பில் இரண்டு தட்டு தட்டினால் தொடலாம். தட்டாவிட்டால் போய்விட வேண்டும். பிடித்திருக்கும்போது வண்டிக்காரர் 'கையை எடு' என்று சொன்னால், காரணம் கேட்காமல் அந்த நொடியே எடுக்க வேண்டும்.

நல்ல வழக்கம். முன்பின் தெரியாதவர்களுக்கு ரொம்ப நல்ல வழக்கம். நான் தெரியாதவளா? தினமும் அவள் முகத்தைப் பார்க்கிறவள். தன் வீட்டுக்குள் வர யாராவது கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்களா?

அதனால் நான் பின்பக்கமாகவே போனேன்.

ஒருநாள் எயெங்கா வண்டியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தாள். வண்டி வெயிலில் காய்ந்தது. இருக்கை சுடுமே என்று தள்ளிக்கொண்டு போய்ப் பெரிய மரத்தடியில் விட்டேன். படகு ஊதிவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள், வண்டி இருந்த இடத்தில் இல்லை. இரண்டு கைகளையும் சுடுகிற சிமெண்டில் ஊன்றி ஊன்றி மரம் வரைக்கும் போனாள். நான் ஓடிப்போய்த் தூக்கப் போனேன். "தொடாதீங்க" என்றாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. வெட்கப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அவள் வண்டியின் பின்கைப்பிடியில் பீர் பாட்டில் மூடிகளை ஓட்டை போட்டு, சரம் சரமாகக் கோர்த்துக் கட்டியிருந்தாள். யார் தொட்டாலும் கிலுகிலுவென்று சத்தம் வரும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மற்ற வண்டிக்காரர்கள் கேலி செய்தார்கள்.

"என்னடி, வண்டிக்குக் கொலுசா? யாரு மாப்பிள்ளை?"

"பின்னாடியே வருதே ஒரு மாப்பிள்ளை, மாவுச் சட்டியோட. அதுக்குத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

சத்தம் வராமல் பிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. விரல்களை ஒவ்வொன்றாக மூடிகளுக்கு அடியில் நுழைத்து, முதலில் அவற்றைத் தூங்க வைத்துவிட்டு, அப்புறம் கம்பியைப் பிடிக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையின் கழுத்துக்கடியில் கை விடுகிற மாதிரி. ஒரு காலையில் அப்படிப் பிடித்துக்கொண்டு சுங்க வரிசை முழுவதும் அவளோடு நடந்தேன். தள்ளவில்லை, இழுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தேன். வாசலில் அவள் ஏதோ தோன்றித் திரும்பினாள். என் முகம் அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மூச்சுதான் வந்தது.

பிறகு மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்றை முன்னால் மாட்டினாள். வண்டி ஓட்டிக்கொண்டே அடிக்கடி அதில் என்னைத் தேடுவாள். என் சட்டிக்குப் பின்னால் நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள். அத்தனை பேர் இருக்கிற துறையில் ஒருத்தி என்னை மட்டும் தேடுகிறாள் என்றால், மனசுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். நான் கை அசைப்பேன்.

அப்புறம் கைப்பிடியில் முள்கம்பி சுற்றினாள். நான் உள்ளங்கையில் பழந்துணி சுற்றிக்கொண்டேன்.

அவள் வீடு மாற்றியதை எனக்குச் சொல்லவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காலையில் வாசற்படியில் வண்டியை இறக்கக் கஷ்டப்படுவாளே என்று போய் நின்றேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் உடனே மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவள் வியாபாரத்துக்கு வரவில்லை. மறுநாள் வரிசையில் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"எனக்கு அந்தப் பொம்பளையப் பாத்தா பயமா இருக்கு. சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். கண்ண மூடுனா பின்னாடி அவ மூச்சு கேக்குது."

"அட போடி. மாவு உருண்டை விக்கிற கிழவிக்கா பயப்படுற? அது சாமி மாதிரி. எங்களுக்கெல்லாம் இப்படி ஒருத்தி வாய்க்கலயேன்னு இருக்கு."

சொன்னது அவளோடு வியாபாரம் செய்கிறவள்தான், அவளும் வண்டிக்காரிதான். யாரும் எயெங்காவை நம்பவில்லை. மதோண்டோ மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊன்றுகோலை அக்குளில் வைத்துக்கொண்டு மெதுவாக வந்து, "பட்டறைக்கு வா. உனக்கு ஒண்ணு செஞ்சு தரேன்" என்றான்.

அதுதான் அந்த பிரேக்.

வேலையில் குறை சொல்ல முடியாது. லாரி டயரை வெட்டி இரண்டு கட்டைகள், அவற்றை இரண்டு பின்சக்கரங்களிலும் அழுத்துகிற ஒரு கம்பி, கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு நெம்புகோல். கம்பியையும் நெம்புகோலையும் சேர்க்கிற ஒரு சின்ன ஆணி. அதுவரைக்கும் இறங்குகிற சரிவில் வண்டிக்காரர்களுக்குப் பின்னால் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். எயெங்காவுக்கு இனிமேல் வேண்டாம். முதல் நாள் அவள் சரிவின் உச்சியில் நின்று எல்லாரையும் கூப்பிட்டாள். சரக்கோடு விட்டாள். பாதி வழியில் நெம்புகோலை இழுத்தாள். ரப்பர் கிரீச்சிட்டு வண்டி நின்றது. இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்கங்கப்பா. இனிமே எனக்குப் பின்னாடி ஒருத்தரும் வேணாம்."

ஆட்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு அவள் பழையபடி சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். மூடிகளையும் முள்கம்பியையும் அவிழ்த்து ஆற்றில் எறிந்தாள். என்னைத் தேடுவதையே விட்டுவிட்டாள்.

நான் சட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஏதாவது கேட்க நினைக்கிறீர்களா? இல்லையென்றால் சரி. அசைந்து உட்கார்கிறீர்களே, கால் மரத்துப்போயிற்றா? கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இறங்கியிருந்தது. அப்படி இறங்கும்போது சரிவு நீண்டு, செங்குத்தாக இருக்கும். அடிப்பக்கம் பாசி. எயெங்கா வண்டியை வரிசையில் விட்டுவிட்டு, கைகளை ஊன்றி ஊன்றிப் பெண்கள் கழிப்பறைக்குப் போனாள். வண்டிப் பக்கத்தில் நான் போய் நின்றேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. முஜிங்கா எயெங்கா வண்டிப் பக்கத்தில் நிற்பது யாருக்கும் புதிதில்லையே.

அந்த ஆணியை உருவினேன்.

இதோ, இதுதான். மேஜையில் வைக்கிறேன், எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரல் அளவு. பாவாடை முடிச்சிலேயே வைத்திருந்தேன். ஆகவே மதோண்டோ வேலையில் பிழை இல்லை, அவனை நீங்கள் விடலாம். அவனுடைய ஊன்றுகோல்களைக்கூட உங்கள் ஆட்கள் பிடுங்கி வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் அவனை யார் தூக்குகிறார்கள்? யார் கழிப்பறைக்குக் கொண்டுபோகிறார்கள்? உங்கள் பையன்களுக்கு அதெல்லாம் தெரியாது. விட மனமில்லை என்றால் என்னை அவன் அறையில் போடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

கொல்ல நினைக்கவில்லை, தம்பி. அதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிரேக்கை இழுப்பாள், பிடிக்காது. 'பிடிங்க அக்கா' என்பாள். நான் பிடிப்பேன். அவ்வளவுதான் என் எண்ணம். இரும்பு கைவிடும், கை கைவிடாது என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் வந்தாள், ஏறினாள், துணிக்கட்டுகளை மடியில் இறுக்கிக் கட்டினாள். சரிவின் உச்சிக்கு வந்தபோது நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். மூடிகள் இல்லையே, அதனால் அவளுக்குத் தெரியவில்லை. சேர்ந்து இறங்கினோம். அவள் பாரம் முழுவதும் என் கையில். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாதி தூரம் வந்ததும் வண்டி தன் வேகத்துக்கு ஓடவில்லை என்று உணர்ந்தாள். பாட்டு நின்றது. முதுகு விறைத்தது. திரும்பாமலே சொன்னாள்:

"கைய எடு."

அக்கா என்று சொல்லவில்லை. எடுங்க என்றும் சொல்லவில்லை. சரிவில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

எடுத்துவிட்டேன். வழக்கம் அதுதானே. அவர்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

வண்டி ஓடத் தொடங்கியது. நெம்புகோலை இழுத்தாள், அது வெறுமனே வந்தது. மறுபடியும் இழுத்தாள். அப்போதுதான் திரும்பினாள். நான் அதுவரை அவள் முகத்தை அப்படி முழுசாகப் பார்த்ததில்லை. வாய் கோணிப்போயிருந்தது.

"அக்கா! புடிங்க, அக்கா, புடிங்க!"

நாலெட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். எனக்கு இன்னும் அந்தத் தெம்பு இருக்கிறது.

நான் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினேன். அவள் தட்டட்டும் என்று நின்றேன். இரண்டு தட்டு. அதைத்தானே அவள் எப்போதும் கேட்டாள்? கேட்காமல் தொடாதே, காட்டிவிட்டுக் காத்திரு என்று. நான் அவள் கேட்டபடி ஒரே ஒரு தடவை நின்றேன். அவள் தட்டவில்லை. இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். உள்ளங்கைத் தோல் உரிவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பாசி வந்தது. படகில் ஏறுகிற இரும்புப் பலகைக்குப் பக்கத்தில் வண்டி போயிற்று. அப்புறம் ஆறுதான்.

சரிவில் இருந்தவர்கள் எல்லாரும், முஜிங்கா கையை விரித்துக் கடவுளைக் கூப்பிட்டாள் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என்னைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சொன்ன நொடியே கையை எடுத்தவள், வழக்கத்தை மீறாதவள் என்று மெச்சினார்கள். தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

இவ்வளவுதான். நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே ரேகை வைக்க வேண்டுமோ வைக்கிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: முஜிங்கா யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை. தன்னை வேண்டாம் என்று சொன்னவர்களைக்கூட அவள் விட்டுப் போனதில்லை.

டீக்குப் போனவர் இன்னும் வரவில்லை. வெயில் உங்கள் பக்கம் வந்துவிட்டது, முகமெல்லாம் வேர்த்திருக்கிறது. என்ன தேடுகிறீர்கள்? சுவரையா? சுவரைப் பிடித்தெல்லாம் எழுந்திருக்கக் கூடாது, தம்பி. அந்த முழங்கால் தாங்காது. பேசாமல் உட்காருங்கள். எங்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் வந்து பிடித்துக்கொள்கிறேன். தடி பத்திரமாக இருக்கிறது, என் மடியில்.